இழுக்கும் வாயும் சுற்றும் விரலும்

ஆசிரியர் குழுவினர் சுங்கான் (பைப்) புகையிலை பற்றி எழுதச் சொன்னார்கள். பழைய காலத்துச் சரக்கு, எந்தக் கடையிலும் கிடைப்பது, அதைப் புகைப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு ஏறும் பாதையில் சுங்கான் பிடிப்பவரைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஜவ்வாது மலையில் எந்தப் பெட்டிக்கடையிலும் தயாராகக் கிடைக்கும் பழைய சரக்கு பீடிதான். சுங்கான்காரர்கள் தங்கள் புகையிலையைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகப் பேசுவார்களோ, அதற்கு ஒரு மாற்றும் குறையாமல் நம் பீடிக்காரர்களும் பேசுவார்கள். இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கட்டைப் பிரித்ததும் கைக்கு வந்த முதல் பீடியைப் பற்றவைப்பவர் புதுசு என்று வைத்துக்கொள்ளலாம். பழகிய கை கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவும். ஓரத்தில் இருப்பவை நசுங்கியிருக்கும் என்பது கணக்கு. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக ஓர் உருட்டு. இலை நொறுங்குகிற சத்தம் கேட்டால் ரொம்பக் காய்ந்த சரக்கு. சத்தமே இல்லாவிட்டால் ஈரம் ஏறியிருக்கிறது. அப்புறம் ஒரு ஊது. முனையில் ஒட்டியிருக்கும் தூள் பறந்தபிறகுதான் தீக்குச்சி. இத்தனையும் பேச்சை நிறுத்தாமல் நடக்கும். சாமை என்ன விலைக்குப் போகிறது என்று பேசிக்கொண்டே விரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ருசியைச் சொல்ல அவர்களுக்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. ‘காரம்’ என்றால் நல்லது. தொண்டையில் இறங்கும்போது தெரியவேண்டும். ‘சப்பு’ என்றால் தூள் பழசு. ‘கமறல்’ என்பது வேறு. அது இலை கருகுகிற வாடை. ‘நெடி’ வந்தால் கட்டையே கடைக்காரர் முன்னால் திருப்பி வைத்துவிடுவார்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. நூலின் நிறத்தைச் சொல்கிறார்கள், இல்லை லேபிளில் இருக்கும் படத்தைச் சொல்கிறார்கள். சட்டப்படி அச்சிட வேண்டிய எச்சரிக்கைப் படம் 2016 முதல் 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, கம்பெனிப் படத்தைத் தேடுவதற்கே கண்ணாடி வேண்டும். அந்த எச்சரிக்கையைப் பார்க்கிறார்களா என்றால், கட்டைப் பிரிக்கும்போது முதலில் கிழிவது அதுதான்.

மலைக்கு மலையின் தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் காலையில் வாங்கிய கட்டு மாலைக்குள் நமத்துவிடும். அடுப்போரத்தில் வைத்துச் சூடு காட்டுகிறவர்கள் உண்டு. வேட்டி மடிப்பில் உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதிகம் காய்ந்தாலும் ஆபத்து, இலை வெடித்துப் புகை பக்கவாட்டில் போய்விடும். கீழே ஊரில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அதனால்தானோ என்னவோ, மலைக்காரரின் பீடி ஞானம் ஒரு படி கூடுதல்.

எல்லோரும் ஒரே குரலில் பாராட்டும் குணம் ஒன்று: பீடி தானாக அணைந்துவிடும். வைத்துவிட்டு நாலு வார்த்தை பேசினால் போதும், நெருப்பு போய்விடும். மிச்சம் காதில் ஏறும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வாய்க்கு வரும். சிகரெட் சும்மா இருந்தாலும் தன்னைத் தானே தின்று தீர்த்துவிடும், இது அப்படியில்லை, காசு வீணாவதில்லை என்பது வாதம். கோடையில் சருகு நடுவே போட்டாலும் காடு பற்றாது என்று அதன்மேல் ஒரு பெருமை வேறு. அதை மட்டும் நம்பிவிடக் கூடாது; சருகுக்கு ஒரு பொறி போதும்.

அணைவதற்குக் காரணம் இலைதான். சிகரெட் காகிதம்போல அது காற்றை விடாது. எனவே, அணையாமல் இருக்கவேண்டுமானால் விடாமல் இழுக்கவேண்டும், அதுவும் அழுத்தி. ஒரு பீடியில் இருக்கும் தூள் ஏறக்குறைய 0.2 கிராம், சிகரெட்டில் இருப்பதில் கால்வாசி சொல்லலாம். ஆனால் உள்ளே போகிற நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த விகிதத்தில் குறைவதில்லை. சிகரெட்டைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. ‘காகிதம் இல்லை, வெறும் இலைதானே’ என்ற ஆறுதலுக்கு இதில் இடமே கிடையாது. வாய், தொண்டை, நுரையீரல், இதயம் என்று எதையும் பீடி விட்டுவைப்பதில்லை. அப்படியும் 2016-17இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர் 4 சதவீதம், பீடி பிடிப்பவர் 7.7 சதவீதம்.

ருசிக்கு வருவோம். ஆசிரியர் குழுவுக்கு வேண்டியது அது.

புதூர்நாட்டு டீக்கடையில் ஒரு பெரியவர், கட்டை நீட்டி, “ஏம்பா, போன வாரம் குடுத்தது நல்லா இருந்துச்சு. இது இழுத்தா வரவே மாட்டேங்குது” என்றார். கடைக்காரர் கட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதே சரக்குதாங்க பெரியவரே. கை மாறியிருக்கும்” என்றார். பெரியவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்கு அங்கேதான் கட்டுரையே திசை மாறிப்போனது.

யோசித்துப் பாருங்கள். இந்த மலைக்காரர் ‘நம்ம ஊர்ச் சரக்கு’ என்று சொல்லும் பீடியில் இந்த ஊருடையது என்ன? இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளில் கோடையில் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டி வருவது. அங்கே அதை டெண்டு என்கிறார்கள். ஆத்தி இலையிலும் பீடி சுற்றுவதுண்டு. ஆனால் சந்தையைப் பிடித்தது டெண்டுதான். தூளுக்குப் பேர்போன இடங்கள் குஜராத்தின் சரோத்தரும் கர்நாடகத்தின் நிப்பாணியும். திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வீடுகளில் இதனோடு சேர்வது ஒன்றே ஒன்று: பெண்களின் விரல். ‘கை மாறியிருக்கும்’ என்பது அந்த விரலைப் பற்றிய பேச்சு.

அந்த விரல் என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். முதல்நாளே இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தாகிவிட்டது. காலையில் தகட்டு அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டு. நடு நரம்பு தடிமனாக இருந்தால் ஒதுக்கு. மடியில் முறம், முறத்தில் தூள். வெட்டிய இலை இடது கையில் இருக்க, வலது கை எடுக்கும் ஒரு சிட்டிகையைத் தராசு பார்த்ததில்லை, பார்க்கவும் தேவையில்லை. இலையின் நீளத்துக்கு அதைப் பரப்பி, இரண்டு பெருவிரலும் சேர்ந்து உருட்ட, நூல் இரண்டு சுற்றுச் சுற்றி அறுபட, முனையை நகத்தால் மடித்து உள்ளே தள்ளினால் ஒரு பீடி. இதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று விழுந்திருக்கும். 25 சேர்ந்தால் ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான்.

இப்போது புகைப்பவரின் புகார்களை எடுத்து இந்த முறத்தின் பக்கத்தில் வையுங்கள். ‘இழுத்தால் வரவில்லை’ என்றால் சுற்று இறுகிவிட்டது. ‘தூள் வாய்க்கு வருகிறது’ என்றால் தளர்ந்துவிட்டது. ஒருபக்கமாக எரிந்தால் ஒதுக்கவேண்டிய நரம்பு உள்ளே போய்விட்டது. நாலு இழுப்பில் தீர்ந்துபோனால் சிட்டிகை சிறுத்துவிட்டது. சிட்டிகை ஏன் சிறுக்கிறது? ஆயிரத்துக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று நிறுத்துக் கொடுக்கிறார்கள். இலையில் ஓட்டை இருந்தாலும் காய்ந்து நொறுங்கினாலும் ஆயிரம் ஆயிரம்தான். துண்டு விழுவதைச் சொந்தக் காசில் இலை வாங்கி நிரப்புகிறார்கள், தூளை நிரவி ஒப்பேற்றுகிறார்கள். மலைமேல் ஒருவர் ‘சரக்கு மட்டம்’ என்று முகம் சுளிப்பதன் வேர் சில நேரம் நல்ல இலை வராத அந்த வாரத்தில் இருக்கிறது.

புகைப்பவர் முகம் சுளிப்பதற்கு முன்பே ஒருவர் சுளித்தாகிவிட்டது. சுற்றிய பீடியைக் கூடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில், செக்கர் கட்டிலிருந்து ஒரு பிடியை உருவி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். நீளம், பருமன், நூல், முனை மடிப்பு. பிடிக்காததைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. கழித்த பீடி திரும்பிவருவதும் அபூர்வம். அது எங்கே போகிறது என்பது நாடு முழுவதும் பீடித் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் பழைய கேள்வி. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. அதன்கீழ் சில மாநிலங்கள் போட்ட விதிகள், சாதாரணமாக 100க்கு 5க்கு மேல் கழிக்கக்கூடாது என்றன. செக்கர் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டு விதியை நினைவுபடுத்துகிற துணிச்சல் நாளைக்கும் இலை வாங்கவேண்டியவருக்கு எப்படி வரும்?

ருசியைக் கேட்கப் போனவனுக்கு இதுதான் தலைக்குள் ஏறிக்கொண்டது. பீடி பிடிக்கிறவர் மூச்சில் புகை போகிறது, அது அவர் தேர்ந்தெடுத்தது. சுற்றுகிறவர் பீடியை உதட்டில் வைத்ததே இருக்காது. அவருக்குத் தூள் மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் போகிறது. சுற்றுகிற அறைதான் பலருக்குச் சமைக்கிற அறை, பிள்ளைகள் தூங்குகிற அறை. இருமல், கண் எரிச்சல், குனிந்தே இருந்து இடுப்பு விட்டுப்போவது ஆகியவை இந்தத் தொழிலின் கூடவே வருபவை. எச்சரிக்கைப் படம் கட்டின்மேல் இருக்கிறது, முறத்தின்மேல் இல்லை.

பீடி சுற்றும் இந்த ஊர்கள் எல்லாம் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. முனை மடிக்கச் சின்ன விரல்கள்தான் தோது என்று பிள்ளைகளை உட்காரவைத்த காலம் ஒன்று இருந்தது. வாங்கிய முன்பணத்துக்காகப் பீடிச் சுற்றில் கொத்தடிமையாகக் கிடந்த குழந்தைகளைப் பற்றி 1990களில்கூட வெளியே பேசினார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976இல். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று 40ஐத் தொட்டிருப்பார்கள். மலையில் ‘அந்தக் காலத்து பீடி மாதிரி வராது, முனை எவ்வளவு அழகாக மடிந்திருக்கும்’ என்று யாராவது ஏங்கினால், எனக்கு அதற்குமேல் தலையாட்ட முடியவில்லை.

பீடியே ஒழியட்டும், சுற்றுகிறவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள் என்பது மருத்துவர்கள் தரப்பு. நியாயம்தான், இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் மாற்றுத் தொழிலைப் பற்றிப் பேசுகிறது. அந்த மாற்று வேலை வாணியம்பாடிச் சந்துக்குள், கதவைத் தாண்டி வெளியே போக முடியாத ஒரு பெண்ணைத் தேடி வரும் வரைக்கும் அவர் முறத்தை எடுத்துத்தான் ஆகவேண்டும். காப்பித் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பும் மலை இளைஞர்களோ ஃபில்டர் சிகரெட்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பீடி அவர்களுக்குக் கிழவர்கள் சமாச்சாரம்.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று சட்டம் போட்டு, பீடியின்மேல் தனி வரி வசூலித்தார்கள். மருத்துவமனை, பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வீடு கட்ட உதவி எல்லாம் அதிலிருந்து. புகைப்பவர் கொடுத்த காசில் ஒரு துளி சுற்றியவர் வீட்டுக்குத் திரும்பிய ஒரே வழி அது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தனி வரி போய்விட்டது. பீடிக்கு 28 சதவீதம் என்று பொதுக் கல்லாவில் கலந்தது. 2025 செப்டம்பரில் அதை 18 ஆகவும், இலைக்கு 18இலிருந்து 5 ஆகவும் குறைப்பதாக முடிவெடுத்தார்கள். இந்த இறக்கத்தில் கட்டு விலை எவ்வளவு குறையும் என்று மலையில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆயிரத்துக்குக் கூலி எவ்வளவு ஏறும் என்று அந்த அறிவிப்பில் ஒரு வரி இல்லை. 1966ஆம் ஆண்டுத் தனிச்சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது.

ஆனாலும் ஒரு நல்ல தீர்ப்பைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1977இல் பீடித் தொழிலுக்கும் வருங்கால வைப்பு நிதி வந்தபோது, வீட்டில் சுற்றுபவர் எங்கள் தொழிலாளியே இல்லை, அவர் எங்கே உட்கார்ந்து எப்போது சுற்றுகிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தரம் பார்த்துக் கழிக்கிற உரிமை உங்களிடம் இருக்கிறதல்லவா, அந்தக் கண்காணிப்பு போதும், அவர் உங்கள் தொழிலாளிதான் என்றது. கூலியைத் தின்ற கழிவே அவருடைய உரிமைக்குச் சாட்சியாகிவிட்டது. செக்கர் ஒவ்வொரு முறை ஒரு பீடியைத் தூக்கி எறியும்போதும், இவர் எங்கள் ஆள் என்று ஒப்புக்கொள்கிறார்.

அந்த உரிமையைக் கையில் வாங்க, தொழிலாளி என்று பேர் பதிந்த பாஸ்புக் வேண்டும். ஒரு வீட்டில் மூன்று பெண்கள் சுற்றுவார்கள். பாஸ்புக் ஒருவர் பேரில் இருக்கும். பாஸ்புக் இல்லாத மருமகள் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் சுற்றிக் கொடுப்பார், கூலியில் கொஞ்சம் அவருக்குப் போகும். சட்டப்படி அந்த மருமகள் ஒரு பீடிகூடச் சுற்றியதில்லை. வைப்பு நிதியோடு வரும் ஓய்வூதியத்துக்கு 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் என்று வைத்திருப்பது மாதம் 1,000 ரூபாய். அடுத்தவர் பாஸ்புக்கில் போன ஆண்டுகளுக்கு அதுவும் கிடையாது.