எண் தெரிந்தால் போன் நம் கையில்

மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். திறந்தால் மேலே திரை, கீழே பொத்தான்கள். இதுதான் மடக்கு போன். மடக்க முடியாத சின்னப் போனும் உண்டு. இரண்டையும் மக்கள் ‘பட்டன் போன்’ என்றே சொல்கிறார்கள்.

கடைத்தெருவில் இன்று தொடுதிரை போன்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆனாலும் பட்டன் போன் மறைந்துவிடவில்லை. வயலிலும், கட்டட வேலையிலும், மீன்பிடி படகிலும் பலருக்கு இன்னும் அதுதான் துணை. ஏன் தெரியுமா? விலை குறைவு. கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. ஒரு முறை சார்ஜ் போட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இது பெரிய வசதி அல்லவா?

போன் வந்த கதை

1995ஆம் ஆண்டு ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு ஒரு செல்போனில் பேசினார். டெல்லியில் அதைக் கேட்டவர் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம். இந்தியாவில் செல்போன் சேவை இப்படித்தான் தொடங்கியது.

அந்த நாளில் ஒரு நிமிடம் பேச சுமார் 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. கூலி வேலை செய்பவர் அதை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

மடித்து வைக்கும் ‘ஸ்டார்டாக்’ என்ற போனை மோட்டரோலா கம்பெனி 1996இல் கொண்டு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் போனாக அது உலகம் முழுவதும் பேர் வாங்கியது. ஆனால் அதுவும் வசதி உள்ளவர்களின் போன்தான்.

2003 மே மாதம் நிலைமை மாறியது. வருகிற அழைப்புக்குக் காசு இல்லை, கூப்பிடுபவர் மட்டும் கட்டினால் போதும் என்று ஆனது. அதே ஆண்டு நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத பொத்தான், இருட்டில் வழிகாட்ட டார்ச் விளக்கு. உலகம் முழுவதும் சுமார் 25 கோடி போன்கள் விற்றன.

எடுக்காத அழைப்புக்கும் காசு இல்லை. இதைப் பார்த்த நம் மக்கள் ஒரு புது மொழியையே உண்டாக்கினார்கள். அதுதான் ‘மிஸ்டு கால்’. ஒரு மணி அடித்தால் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’. இரண்டு மணி அடித்தால் ‘நீ கூப்பிடு’. காசு செலவில்லாமல் செய்தி போய்ச் சேர்ந்தது.

மீனுக்கு விலை சொன்ன போன்

கேரளாவின் வடக்கே காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்கள் உள்ளன. அங்கே மத்தி மீன் அதிகம். முன்பெல்லாம் மீனவர்கள் பிடித்த மீனைத் தங்கள் ஊர்க் கரைக்கே கொண்டு வருவார்கள். எல்லாப் படகிலும் மீன் நிறைந்திருந்தால் வாங்க ஆள் இருக்காது. மீன் கடலில் கொட்டப்படும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில், மீன் கிடைக்காமல் வியாபாரி வெறுங்கூடையோடு திரும்புவார்.

1997 முதல் 2001 வரை அந்தக் கடற்கரையில் செல்போன் சேவை படிப்படியாக வந்தது. கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை கடலிலும் போன் எடுத்தது. மீனவர்கள் படகிலிருந்தே கேட்டார்கள்: “அங்கே விலை என்ன? வாங்க ஆள் உண்டா?” எங்கே விலை கிடைத்ததோ அந்தக் கரைக்குப் படகைத் திருப்பினார்கள்.

பலன் என்ன? ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் இதை ஆராய்ந்து 2007இல் எழுதினார். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர்களின் லாபம் சராசரியாக 100 ரூபாய்க்கு 8 ரூபாய் கூடியது. வாங்குபவர்களுக்கும் 100 ரூபாய்க்கு 4 ரூபாய் விலை குறைந்தது. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். சரியான நேரத்தில் கிடைத்த செய்தி செய்த வேலை இது.

எப்படி வேலை செய்கிறது?

மடக்கு போனின் இரண்டு பாதிகளையும் நாடா போன்ற மெல்லிய கம்பித் தகடு இணைக்கிறது. கீல் வழியாக அது போகிறது. மூடியில் சின்னக் காந்தம் இருக்கும். மூடினால் காந்தம் கிட்டே வரும். உள்ளே உள்ள ஒரு சிறு கருவி அதை உணர்ந்து திரையை அணைத்துவிடும். பேசிக்கொண்டிருந்தால் பேச்சும் நின்றுவிடும்.

மூடியே இருப்பதால் பொத்தான்மேல் தூசி படியாது. இடுப்பில் செருகினாலும், பையில் போட்டாலும் தானாக யாருக்கும் அழைப்புப் போகாது. ஆனால் கீலில் கவனம் வேண்டும். ஒரு கையால் வெடுக்கென்று உதறித் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நாடா அறுந்தால் திரை இருண்டுவிடும்.

5ஆம் எண் பொத்தானைத் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் புள்ளியோ கோடோ விரலில் தட்டுப்படும். அதற்கு மேலே 2, கீழே 8. இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. கண் தெரியாதவரும் இதை வைத்து எண் போட முடியும்.

படிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

கூலிப் பணம் இப்போது வங்கிக் கணக்கில் வருகிறது. பணம் வந்ததும் போனில் குறுஞ்செய்தி வரும். படிக்கத் தெரியாத ஒரு அம்மா என்ன செய்வார்? கடைக்காரரிடம் போனை நீட்டுவார். “தம்பி, இதுல என்னப்பா வந்திருக்கு?” என்று கேட்பார். 3,000 ரூபாய் வந்திருந்தால் 2,000 என்று அவர் சொன்னாலும் அம்மா நம்பத்தான் வேண்டும்.

கிரெடிட் என்றால் வரவு. டெபிட் என்றால் பற்று, அதாவது பணம் போய்விட்டது. இந்த இரண்டு சொல்லும் எண்ணும் தெரிந்தால், அந்த அம்மா யாரையும் கேட்க வேண்டாம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. 15 முதல் 49 வயதுள்ள 100 பெண்களில் 54 பேரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருந்தது. அப்படிப் போன் வைத்திருந்த 100 பெண்களிலும் 71 பேரால்தான் குறுஞ்செய்தியைப் படிக்க முடிந்தது. மற்ற 29 பேர்? போன் அவர்கள் கையில். செய்தி மட்டும் வேறொருவர் கையில்.

பட்டன் போனில் பணம் அனுப்பலாமா?

அனுப்பலாம். இன்டர்நெட் வேண்டாம். வங்கிக் கணக்கில் பதிந்த எண்ணுள்ள போனில் *99# என்று போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். திரையில் ஒரு பட்டியல் வரும். மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் முறை பதிவு செய்ய வங்கி அட்டையின் விவரம் கேட்கும். பிறகு இருப்பைப் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். 2022 மார்ச் மாதம் ‘யுபிஐ 123பே’ என்ற வசதியும் பட்டன் போனுக்காக வந்தது. இதில் குரல் சொல்லச் சொல்ல எண்ணை அழுத்தினால் போதும்.

ஆனால் எச்சரிக்கை! ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. போனில் வரும் ஓ.டி.பி. எண்ணும் அப்படித்தான். “வங்கியிலிருந்து பேசுகிறேன், எண்ணைச் சொல்லுங்கள்” என்பவர் திருடர். உண்மையான வங்கி அதைக் கேட்காது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வாங்கவே ரகசிய எண் போடச் சொன்னால் அது மோசடி.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

குரல் வழியே உதவி

சத்தீஸ்கரில் கோண்டி மொழி பேசும் ஆதிவாசிகள் காட்டுக் கிராமங்களில் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் செய்தித்தாள் இல்லை. அங்கே 2010இல் ‘சிஜிநெட் ஸ்வரா’ என்ற குரல் செய்திச் சேவை தொடங்கியது. ஊரில் கைப்பம்பு கெட்டுவிட்டதா? கூலி வரவில்லையா? போனில் கூப்பிட்டுத் தங்கள் குரலிலேயே சொல்லலாம். சரிபார்த்த பிறகு மற்றவர்களும் போனிலேயே அதைக் கேட்கலாம். பல குறைகள் அதிகாரிகளின் காதுக்குப் போய்த் தீர்ந்தன.

கர்ப்பிணிகளுக்காக மத்திய அரசு 2016 ஜனவரியில் ‘கில்காரி’ திட்டத்தைத் தொடங்கியது. பீகாரில் முன்பே நடந்து பலன் கண்ட திட்டம் அது. நான்காம் மாதம் தொடங்கி, குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, வாரம் ஒரு அழைப்பு வரும். மொத்தம் 72 செய்திகள். தடுப்பூசி எப்போது, தாய் என்ன சாப்பிட வேண்டும் என்று குரலில் சொல்வார்கள். கேட்க எழுத்தறிவு தேவையில்லை. ஆனால் போன் அந்தத் தாயின் கையில் இருக்க வேண்டும். கணவர் வெளியூர் வேலைக்குப் போகும்போது போனையும் எடுத்துப் போய்விட்டால், செய்தியும் அவரோடு போய்விடும்.

வாங்கும்போது கேளுங்கள்

2ஜி மட்டும் உள்ள போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஆகவே, “இது எந்த சிம்முக்கு வரும்?” என்று கேட்டு வாங்குங்கள்.

இன்டர்நெட்டே இல்லாத போனுக்கு இன்டர்நெட் சேர்த்த ரீசார்ஜ் எதற்கு? 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்றது. 2025 முதல் கம்பெனிகள் அதைத் தருகின்றன. கடையில் கேட்டு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

*#06# என்று போட்டால் 15 இலக்க எண் ஒன்று திரையில் வரும். அது போனின் அடையாள எண். நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுக்கவும், போனை முடக்கவும் அது உதவும்.

ஆபத்து என்றால் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண். 2017 முதல் விற்கும் பட்டன் போன்களில் அவசர அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்தினால் அழைப்புப் போகும். நம் போனில் எது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமே செய்து பார்ப்போம்

1. வீட்டில் உள்ள இரண்டு பேரின் பத்து இலக்க எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒன்றையாவது மனப்பாடம் செய்யுங்கள்.

2. கடைசியாக வந்த குறுஞ்செய்தியைத் திறங்கள். அதில் உள்ள எண்களை வாசியுங்கள். அது வரவா, பற்றா?

3. உங்கள் வீட்டில் எத்தனை போன்? அதில் பெண்கள் தாங்களே வைத்திருப்பது எத்தனை? மையத்தில் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.