உங்கள் வீட்டு விவரம் எங்கே போகிறது?



கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தால் பல கேள்விகள் கேட்கிறார். எத்தனை பிள்ளைகள்? கரு கலைந்ததுண்டா? என்ன கருத்தடை முறை? பதில் சொல்லும்போது பலருக்கு ஒரு தயக்கம். “இதையெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டுப் போறாங்க? ஊருக்கே தெரிஞ்சிட்டா என்ன பண்றது?” நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்து கொள்வது உங்கள் உரிமை.

ஒரு வீட்டு விவரம் எதற்கு உதவும்?

நம் கொல்லையில் நின்றால் நம் மக்காச்சோளம் மட்டும்தான் தெரியும். ரஞ்சன்குடிக் கோட்டை மேல் ஏறிப் பார்த்தால் எந்தப் பக்கம் பயிர் வாடுகிறது என்று தெரிந்துவிடும். நோயும் அப்படித்தான். ஒரு வீட்டில் பிரசவத்தில் தாய் இறந்தால் “விதி” என்கிறோம். பல வீட்டு விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் வெளியே வரும்.

தமிழ்நாட்டில் அப்படித்தான் நடந்தது. 1990-களிலிருந்து தாய்மார் மரணங்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் ஆராயப்பட்டது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, கர்ப்பகால ரத்த அழுத்தம், வண்டி கிடைக்கத் தாமதம் என்று காரணங்கள் தெரிந்தன. 24 மணி நேரப் பிரசவ வசதியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள், ரத்தம் ஏற்றும் வசதி, 2008-ல் 108 ஆம்புலன்ஸ் என்று பல ஏற்பாடுகள் வந்தன. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2001–03-ல் 134 தாய்மார் இறந்தார்கள்; 2018–20-ல் அது 54 ஆகக் குறைந்தது.

இந்த அனுபவத்தை நாம் நமக்குள்ளேயே வைத்துக் கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் இதைத் தனி நூலாக வெளியிட்டது. தாய்மார் மரணங்களை ஆராய்வதற்கு மத்திய அரசும் 2010-ல் நாடு முழுவதுக்கும் வழிமுறைகளை வகுத்தது. நம் வீடுகளில் சொன்ன விவரம் வேறு ஊர்த் தாய்மாருக்கும் உதவுகிறது.

பெயர் வெளியே போகுமா?

நர்ஸின் பதிவில் உங்கள் பெயர் இருக்கும். சிகிச்சைக்கு அது வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண்ணின் ரத்த அளவும் ரத்த அழுத்தமும் அந்த ஊர் நர்ஸுக்கும் தெரிய வேண்டுமல்லவா?

ஆய்வாளர்களுக்குக் கொடுப்பது வேறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 6,36,699 வீடுகளில் விவரம் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பது அதில் தெரிந்தது. பெயரையும் முகவரியையும் நீக்கிய பிறகே அந்த விவரங்களை ஆய்வாளர்களுக்குத் தருகிறார்கள். சிறிய ஊரில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. “மூணு பிள்ளை ஒரே பிரசவத்துல” என்றாலே யார் வீடு என்று ஊருக்குத் தெரியும். ஆகவே வரைபடத்தில் கிராமத்தின் இடத்தையே 5 கிலோமீட்டர் வரை நகர்த்திக் குறிக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. “யார் அனுப்பினாங்க? எதுக்கு? யார் யார் பார்ப்பாங்க?” என்று தயங்காமல் கேளுங்கள், அடையாள அட்டையையும் பாருங்கள்.

2. ஆய்வுக்கு உங்கள் சம்மதம் வேண்டும். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். மறுத்தாலும் உங்களுக்குரிய சிகிச்சை குறையக் கூடாது.

3. வங்கிக் கணக்கு ரகசிய எண்ணோ, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணோ எந்த சுகாதார ஆய்வுக்கும் தேவையில்லை. கேட்டால் சொல்லாதீர்கள்.

4. கருச்சிதைவு, முன்பு நடந்த சிசு மரணம், கருத்தடை ஆகியவற்றை மனைவி கூட்டத்தின் நடுவே சொல்லத் தயங்கலாம். தனியாகப் பேச இடம் கொடுங்கள். கணவரும் தன் பங்குக்கு உண்மையைச் சொல்லட்டும்.

5. தாய் இறந்த வீட்டுக்கு விசாரிக்க வருவது யார் மேலும் பழி போட அல்ல. “வண்டி தேடியே ரெண்டு மணி நேரம் போச்சு” என்பது உண்மையானால் அதை அப்படியே சொல்லுங்கள். “உடனே கொண்டு போனோம்” என்று மாற்றிச் சொன்னால், வண்டியில்லாத குறை ஏட்டில் ஏறாது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் வண்டி வராது.

தயங்காமல் கேளுங்கள்! தெரிந்து சம்மதியுங்கள்! உண்மையைச் சொல்லுங்கள்!