காயாத வர்ணமும் கைவிட்ட ரசீதும்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி முதலிய ஊர்களில் கடற்காற்றுப் படும் தெருக்களின் இரும்புக் கேட்டுகளையும் ஜன்னல் கம்பிகளையும் கவனித்தால், துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே எனாமல் அடிப்பதும், பல நாளாகியும் பிசுபிசுக்கிறதே என்று பெயிண்டரை ஏசுவதும், பிறகு அந்தப் பிசுபிசுப்பின்மேலேயே இரண்டாம் பூச்சு ஏற்றுவதுமாகிய அலட்சியம் வீட்டுக்கு வீடு தொடர்வது தெரியும். மந்திரி வருகைக்கு முன்தினம் தூறலிலேயே பூங்கா வேலிக்கு வர்ணம் அடிக்கச் செய்யும் அதிகாரிகளைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் வேறெப்படி நடப்பார்கள்!

எனாமலில் உள்ள திரவம் முதலில் ஆவியாகிறது. அதன்பின் எஞ்சிய எண்ணெய்ப்பசை காற்றின் பிராணவாயுவைக் கிரகித்துச் சிறுகச் சிறுகக் கெட்டிப்படுகிறது. ஆகையால் கனமாகப் பூசினால் மேலே ஆடை படர்ந்து, அடி காயாமலே நின்றுவிடும். டர்பண்டைனுக்குப் பதிலாக, மலிவென்று மண்ணெண்ணெய் கலந்தாலோ, அது எளிதில் ஆவியாகாமல் பூச்சினுள்ளேயே தங்கிவிடும். மண்ணெண்ணெய் கலக்க விடாதீர்கள். கலவை உங்கள் கண்முன்னே நடக்கட்டும்.

பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், குழந்தைகளை அப்புறப்படுத்தி, நனைத்தே உப்புத்தாளால் தேய்த்து, தூளைத் தாளில் சேகரிக்க வேண்டும். பிறகு உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, முற்றும் உலர்ந்ததும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பது அவசியம். காலைப் பனி உலர்ந்த பின் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடித்துவிடுவது உத்தமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் காரியத்தைத் தொடவே வேண்டாம். மெல்லிய பூச்சுகள் இரண்டு போதும். இடைவெளி எவ்வளவு என்பது டப்பாவிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிப்பவர்தான் அபூர்வம்.

வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது 2017 நவம்பர் 1 முதல் அமலில் உள்ள சட்டவிதி. ஈயம் அந்த அளவுக்கு மேற்படவில்லை என்ற வாசகம் டப்பாவில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

முறைப்படி அடித்தும் காயவில்லையா? கடை ரசீது, டப்பாவின் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, பூச்சின் புகைப்படம் ஆகியவற்றோடு கம்பெனிக்கு முதலில் எழுத்துமூலம் புகார் செய்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. பெயிண்டரின் வேலையே பழுதென்றாலும் இதே வழிதான். ஆனால் அவரிடம் கூலிக்கு ரசீது வாங்கியவர் எத்தனை பேர்?

“பூசியவர் தவறு” என்றுதான் கம்பெனி சொல்லும். அப்பொழுது ஆணையம் மாதிரியை முத்திரையிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப உத்தரவிடலாம். ஆகவே மிச்ச வர்ணத்தை டப்பாவோடு இறுக மூடி வையுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.