திராட்சை தின்றால் தூக்கம் வருமா?

"ஐயா, ராத்திரி அரைக் கிலோ பன்னீர் திராட்சை தின்னா மாத்திரை இல்லாமலே தூக்கம் வருமாமே?"

ஜெயமங்கலத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஓர் அம்மா கேட்டது இது. வயது அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை நோய் வேறு. பத்து நாளாகத் தின்றும் பார்த்துவிட்டார். தூக்கம் வரவில்லை, சர்க்கரைதான் ஏறியிருந்தது!

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. நம் மூளைக்குள் பட்டாணியை விடச் சிறிய பீனியல் சுரப்பி இருக்கிறது. பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்ததும் அது மெலடோனின் என்ற பொருளைச் சுரந்து, 'ராத்திரி ஆயிருச்சு' என்று உடம்புக்குச் சொல்கிறது. 1958-ல் அமெரிக்காவில் ஏரன் லெர்னர் என்ற மருத்துவர் மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1995-ல், நாம் உண்ணும் தாவரங்களிலும் இது இருப்பதாக ஆய்வுகள் வெளிவந்தன. 2006-ல் இத்தாலிக்காரர்கள் திராட்சைத் தோலில் கண்டார்கள். நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்குச் சந்தோஷமான சேதிதான்.

ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? தாவரங்களில் இதை நானோகிராம் கணக்கில்தான் அளக்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். அதிகம் உள்ளது என்று பேர் வாங்கிய கருங்கடுகிலேயே, ஓர் ஆய்வில், கிராமுக்கு 129 நானோகிராம்தான் கிடைத்தது. மூன்று மில்லிகிராம் மெலடோனின் மாத்திரை ஒன்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் சுமார் 23 கிலோ கடுகு தின்ன வேண்டும். தாளிக்கிற கடுகில் தூக்கம் வந்துவிடாது.

சித்த மருத்துவத்தில் தூக்கத்துக்கு ஜாதிக்காய் உண்டே என்பீர்கள். உண்டு. பாலில் ஒரு சிட்டிகை, அதுவும் வைத்தியர் சொன்னால்தான். முழுக் காயை அரைத்துக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும். சாப்பிட்டுக் கொண்டிருக்கும் தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் அன்றாட நடப்பை விசாரித்தேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் 'கண்ணசருவார்'. ராத்திரி பதினொன்று வரை டி.வி., அதற்குப் பின் படுத்தபடியே செல்போன். கண்ணில் வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தால் பீனியல் எப்படிச் சுரக்கும்? பகல் தூக்கத்தை விடச் சொன்னேன். காலையில் வெயில் படும்படி வராக நதிப் பக்கம் நடை, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. மாத்திரையில் கை வைக்கவில்லை. மூன்று வாரத்தில், படுத்த அரை மணியில் தூங்குவதாகச் சொன்னார்.

திராட்சையா? பகலில் பத்துப் பழம் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.