ஈடிப்பசும் மதுரைவீரனும்: துன்பியல் காதலும் குடும்ப உறவும்

முன்னுரை

கிரேக்கத் தொன்மங்களில் காதலின் வீழ்ச்சி ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியாகவும் அமைகின்றது. தீபஸ் நகர அரச மரபின் கதையைச் சோபோக்ளீஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நாடகங்களாக்கினார். அதனோடு ஒப்பிடத்தக்க தமிழ்க் கதை, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் காவல் தெய்வமாக வழிபடப்பெற்றுவரும் மதுரைவீரன் கதையாகும். இவ்விரண்டினையும் ஒப்புநோக்குவதே நம் நோக்கம்.

கைவிடப்பட்ட குழந்தை

தந்தையைக் கொல்வான் என்னும் தெய்வவாக்கினால் ஈடிப்பஸ் மலையில் விடப்பட்டான். வேற்று நாட்டரசன் அவனை வளர்த்தான். கொடி சுற்றிப் பிறந்த மதுரைவீரன், நாட்டிற்கு ஆகாதவன் எனக் காசியரசனால் காட்டில் விடப்பட்டான். சக்கிலியரான சின்னான் அவனை வளர்த்தார். இவ்வரசப் பிறப்பு, சாதி மீறிய காதலை மறைக்கப் பிற்காலத்தில் இணைக்கப்பட்டது என்பார் ஆய்வாளருள் உளர்.

துன்பத்தின் வேர்

ஈடிப்பசை அழித்தது உறவறியாமை. அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்தான். மதுரைவீரனை அழித்ததோ, அவன் இன்னான் என்று ஊரார் கொண்ட சாதிக் கணிப்பு. பூப்பெய்திய பொம்மியின் குடிசைக்கு வளர்ப்புத் தந்தைக்கு மாற்றாகக் காவல் சென்றவிடத்துக் காதல் அரும்பியது. தொடர்ந்த போரில் பொம்மியின் தந்தை பொம்மண்ண நாயக்கர் மாண்டார். கணவனே தந்தையைக் கொன்றவனாகவும் நின்ற நிலை பொம்மியினுடையது. பின்னர் மதுரையில் வெள்ளையம்மாளை விரும்பியமையால் வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தான். இரு பெண்டிரும் உடன் மாய்ந்தனர். அன்டிகனி நாடகத்தில் ஈடிப்பசின் மகளை விரும்பிய ஹேமோன், தன் தந்தையின் ஆணையால் அவளை இழந்து, அவள் உடலருகே உயிர் துறக்கின்றான். ஈரிடத்தும் காதலரைப் பிரிப்பது அரசாணையே.

தோட்டத்துக் காவலன்

ஈடிப்பசின் கல்லறை ஏதென்சைக் காக்கும் என்பது சோபோக்ளீசின் மற்றொரு நாடகச் செய்தி. விலக்கப்பட்டவனே காவலனாதல் நம் மரபிலும் உண்டு. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை, கங்காணிமார் தம் உறவினரையும் ஊராரையும் மலாயாவுக்கு அழைத்து வந்தனர். அவர்களுடன் சாதியும் வந்தது. அச்சாதியால் மாண்ட வீரனின் கதையும் வந்தது. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மனுக்குத் துணையாகவும் எல்லைக் காவலாகவும் அவன் நின்றான். அவனுக்குச் சுருட்டும் சாராயமும் படைப்பது வழக்கம். அவனது திருவுருவில் பொம்மியும் வெள்ளையம்மாளும் இருபுறமும் அமைதலை நாம் கருத வேண்டும். ஈடிப்பசின் குடும்பம் அவனுக்குப் பின்னும் அழிகின்றது. வீரனின் குடும்பமோ கருவறையில் மீண்டும் கூடுகின்றது. கங்காணி முறையில் உறவினரை ஊரில் விட்டு வந்தவர்க்கும் இக்காட்சி ஆறுதல் அளித்திருக்கும் எனலாம்.

முடிவுரை

இன்று பலர் அறிந்தது 1956இல் வெளிவந்த மதுரை வீரன் திரைப்பட வடிவமே. நீலாய், சிரம்பான் பகுதிகளில் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது மக்கள் கலைந்தனர். முதியோர் நினைவிலுள்ள வாய்மொழி வடிவங்கள் அவர்களோடு மறையும் நிலையில் உள்ளன. வீரனின் பிறப்பையும் சாதியையும் அவை எவ்வாறு கூறுகின்றன என்பதைத் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு பதிவு செய்தல் வேண்டும். மறைக்கப்பட்டது எது என்பதை அவ்வடிவங்களே நமக்கு உணர்த்தும்.