ஐந்தருவிக் காற்றும் நோயாளி சிசுருஷையும்

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, திரிகூட மலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் ஐந்தருவிக்குத் திரளுவது வழக்கம். இவர்களில் பெரும்பாலோர் உல்லாசத்தை நாடி வருகிறவர்கள். எனினும், இருமலும் இரைப்பும் உடைய முதியவரை, அருவிக் காற்றுப் பட்டால் நெஞ்சு தெளியுமென்ற நம்பிக்கையோடு அழைத்துவரும் குடும்பங்களும் இல்லாமலில்லை.

இந்நம்பிக்கை நேற்றுத் தோன்றியதன்று. கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் குற்றாலத்தில் பங்களாக்கள் அமைத்துக்கொண்டு, சாரல் மாதங்களில் தேக ஆரோக்கியத்தின் பொருட்டு அங்கே தங்கினார்கள். குற்றாலக் காற்று இனிமையானது என்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் இனிமையான காற்று வேறு. நோயாளிக்கு ஏற்ற காற்று வேறு. சுவாசகாசம் உடையவர்களிற் பலருக்குக் குளிர்ந்த ஈரக்காற்றே மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்துவிடும். பகலில் அருவியின் கீழ் நின்று நடுங்கியவர், இரவில் படுக்கவும் மாட்டாமல் உட்கார்ந்தபடியே விடியலை எதிர்பார்த்திருக்க நேரிடலாம்.

வந்து போகிறவர்களின் விஷயம் இவ்வாறிருக்க, அங்கேயே வாழ்கிறவர்களின் நிலை யாது? தென்காசி ஜில்லாவின் கிராமங்களில் பீடி சுற்றி ஜீவிக்கும் பெண்கள் பல்லாயிரவர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு குனிந்தபடியே நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசித்திருப்பது அவர்கள் தொழில். சாரல் உள்ளே அடிக்காதபடி ஜன்னலைச் சாத்திவிட்டால், தூளும் அடுப்புப் புகையும் அறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. குழந்தையும் அங்கேதான் உறங்குகிறது. நாட்டினர் காற்று வாங்கப் போகும் மலையின் அடிவாரத்திலேயே, காற்றுக்குத் தவிக்கும் வீடுகள் இருக்கின்றன என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

காற்றே மருந்து என்ற கொள்கைக்கு வைத்திய சாஸ்திரத்திலும் ஒரு காலத்தில் பெருமதிப்பு இருந்தது. நம்மவரான டாக்டர் சவுரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்குத் திறந்தவெளிச் சிகிச்சை நடத்தியவர். க்ஷயம் எனக் கருதப்பட்ட நோயோடு கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1917-இல் தங்கியதும் அவருடைய இல்லத்தில்தான். பின்னர் தாயகம் திரும்பிய டாக்டர், 1928-இல் தாம்பரத்தில் ஒரு ஸானடோரியத்தை நிறுவினார். அவருடைய தொண்டு போற்றற்குரியது. ஆயினும் அக்கொள்கையின் எல்லை எது என்பதைக் கண்டு சொன்னதும் சென்னை மாநகரமே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க விஷயம்.

1956-இல் சென்னையில் ஏற்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தார் 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஸானடோரியத்திலும், மற்றவர்களை அவரவர் வீட்டிலுமாக, ஒரே வித மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். ஸானடோரியத்தில் நல்ல காற்றும், ஓய்வும், சத்துள்ள உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தோருக்கோ நெருக்கமான அறை, குறைந்த உணவு, விடாத வேலை. 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. இரு பிரிவிலும் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் குணமடைந்திருந்தனர். வீட்டில் தங்கியதால் உடனிருந்தோருக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை.

இதைக் கொண்டு மருந்து ஒன்றே போதுமென்று சொல்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வீட்டிலிருந்த நோயாளிகளை ஊழியர்கள் வீடு தேடிச் சென்று கண்டார்கள். சொல்லாமற் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்தை நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டுத் தேற்றினார்கள். ஸானடோரியத்தின் காற்றை வீட்டிற்குக் கொண்டுபோக முடியவில்லை. அதன் சிசுருஷையைக் கொண்டுபோக முடிந்தது. நோயாளி பிழைத்தது இதனால்தான் என்பதே நமது அபிப்பிராயம்.

சுவாச நோயாளிக்குச் செய்யும் சிசுருஷை பெரும்பாலும் கண்ணும் கையும் கடிகாரமும் கொண்டு செய்வது. ஒரு முழு நிமிஷம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசு நிமிஷத்திற்கு 60 முறையும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை 50 முறையும், ஐந்து வயதுக்குட்பட்டது 40 முறையும் மூச்சுவிட்டால் அது வேகமான மூச்சு. விலாவின் கீழ்ப்பாகம் உள்ளே குழியுமாயின் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இரைப்புக் கண்டவரை மல்லாக்கப் படுக்கவைப்பது தவறு. முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தோ, முன்னே ஒரு மேஜைமீது கைகளை ஊன்றிச் சாயவைத்தோ, உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சை வெளியே விடச் சொல்ல வேண்டும். உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ, அதுவரை தவித்தவர் திடீரென்று அடங்கி மயங்கினாலோ, அது நிம்மதியன்று, ஆபத்து.

நமது வீடுகளில் அன்பினாலேயே இழைக்கப்படும் தீங்குகளும் சில உண்டு. மழைநாளில் இருமும் கிழவிக்கு இதமாக இருக்குமென்று சாம்பிராணிப் புகை போடுகிறார்கள்; அப்புகையே இரைப்பை மூட்டுகிறது. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் குழந்தையைக் கவிழ்த்து ஆவி பிடிக்கவைத்து வெந்துபோன மேனியோடு வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். உறிஞ்சு மருந்தாகிய இன்ஹேலரைப் பழகினால் விடமுடியாது என்று அஞ்சி, மூச்சு முட்டியபின்தான் தொடுகிறார்கள். பிராணவாயுவும் அளவறிந்து தரவேண்டிய மருந்தே. நெடுநாள் புகையால் கெட்ட நுரையீரலுக்கு, ஆக்ஸிமீட்டர் 88 முதல் 92 வரை காட்டுமாறு குழாயைத் திறப்பதே முறை. முழுக்கத் திறந்துவிடும் பரிவு நோயாளியை உறக்கத்தில் ஆழ்த்திவிடக்கூடும். இவற்றையெல்லாம் வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவர் நர்ஸ்.

இவ்வேலையின் மதிப்பைத் தமிழ்நாடு சர்க்காரே 2022-இல் ஒப்புக்கொண்டிருக்கிறது. அவ்வாண்டு தொடங்கிய காசநோய் இறப்பிலாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்துப் பார்த்து, கால் வீக்கத்தைக் கவனித்து, மூச்சை எண்ணி, ஆக்ஸிமீட்டர் மாட்டி, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்றும் சோதிக்கிறார்கள். மூச்சு 24-க்கு மேற்பட்டாலோ, பிராணவாயு 94-க்குக் குறைந்தாலோ, நிற்க முடியாவிட்டாலோ, அவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட வேண்டியவர். இங்கே பெரிய யந்திரம் எதுவுமில்லை. இந்தியாவில் ஒரு ராஜ்யம் முழுவதிலும் இவ்வாறு செய்தது நாம்தான் முதலில்.

க்ஷயரோகிக்குக் கிடைத்த இந்தக் கவனம், சுவாசகாசக்காரருக்கும், பீடித் தூளால் நுரையீரல் கெட்ட பெண்களுக்கும் ஏன் கிடைக்கலாகாது? 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத்தில், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டு ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். அத்தகைய ஊழியரின் பையில் ஓர் ஆக்ஸிமீட்டரையும், செய்துகாட்ட ஓர் இன்ஹேலரையும் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவாகாது. செலவு ஆவது ஆட்களுக்கே. அதற்குத்தான் சர்க்காரின் கை சுருங்குகிறது. 2015 முதல் போட்டிப் பரீட்சையில் தேறி நியமனம் பெற்ற நர்ஸுகளிற் பலர், தொகுப்பூதியத்திலேயே பல ஆண்டுகள் காத்திருந்து, நிரந்தர உத்தியோகம் கோரிச் சென்னைத் தெருக்களில் உட்கார நேர்ந்ததை நாடு கண்டது. இரவெல்லாம் பிறர் மூச்சை எண்ணியிருக்கும் பெண், அடுத்த வருஷம் தனக்கு வேலை உண்டா என்று எண்ணிக்கொண்டிருக்கும்படி விடுவது எவ்வித நியாயம்?

ஐந்தருவிக்குச் செல்லும் பஸ்கள் கடந்துபோகும் கிராமங்களிலேயே இதைத் தொடங்கலாம். வைகாசி முடிந்து சாரல் இறங்குமுன், பீடி சுற்றும் வீடுதோறும் ஒரு நர்ஸ் சென்று, இரைப்பு உள்ளோரின் பெயரைப் பதிந்து, காற்று வரும் பக்கத்து ஜன்னல் ஒன்றையாவது திறந்துவைக்க வழிசொல்லி, ஆனி, ஆடி இரு மாதமும் வாரம் ஒருமுறை வந்து பார்க்கும்படி ஜில்லா சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். வேண்டிய நர்ஸுகளை நிரந்தரச் சம்பளத்தில் நியமிக்க உத்தரவிட வேண்டியவர்கள் சென்னையிலிருக்கும் மந்திரிகள்.