பூட்டப்பட்ட மரபணுக்கள்

மாதவிலக்கு நாட்களில் வயிற்று வலி வருவது இயற்கைதானே என்று நம் வீடுகளில் சொல்லிப் பழகிவிட்டோம். படுக்கையை விட்டு எழ முடியாத வலியையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அத்தகைய வலிக்குக் காரணமாகக்கூடிய நோய்களுள் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, சூலகம் முதலிய வேறிடங்களில் ஒட்டி வளர்வதே இந்நோய். கருவுறும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாதவிலக்குக் குருதியில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் தங்குவதே காரணம் என்று 1927இல் சாம்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கினார். ஆனால் இவ்வாறு பின்னோக்கிப் பாய்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது. நோயோ சிலருக்கு மட்டுமே வருகிறது! ஏன்?

விடையின் ஒரு பகுதி, மரபணுக்களைத் திறந்து மூடும் நொதிகளிடம் இருக்கிறது. நம் கண்ணிலும் ஈரலிலும் உள்ள மரபணுக்கள் ஒன்றே; எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு தொகுதியை மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒட்டினால், அம்மரபணு பெரும்பாலும் வாய்மூடிவிடும். ஒட்டும் வேலையைச் செய்பவை டி.என்.ஏ. மெத்தில் மாற்று நொதிகள். மரபணு இழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மேல், நூற்கண்டில் நூல் போலச் சுற்றப்பட்டுள்ளது. அச்சுற்றை இறுக்கி மரபணுவை மூடும் நொதிகளும் உண்டு.

இடம் மாறி வளர்ந்த திசுவில் மெத்தில் மாற்று நொதிகள் மிகுந்திருப்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விளைவைப் பாருங்கள். புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் திசுவின் வளர்ச்சியை அடக்குவது. அதனை ஏற்கும் புரதத்தின் ஒரு வகைக்குரிய மரபணு இங்கே பூட்டப்பட்டிருக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் பீட்டா வகைப் புரதத்தின் மரபணுவிலோ, இருக்க வேண்டிய பூட்டு குறைந்திருக்கிறது. 'வளர்' என்ற கட்டளை உரக்கக் கேட்கிறது. 'நில்' என்பது காதில் விழுவதில்லை.

புரோஜெஸ்டிரான் வகை மாத்திரைகள் சிலருக்குப் பயன் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்துண்டும் வலிக்கிறது என்று ஒரு பெண் கூறினால் அதை மனப்பிரமை என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது; அவள் உயிரணுக்களிலேயே சான்று இருக்கிறது.

மெத்தில் பூட்டு நிலையானதன்று, நீக்கக்கூடியது. நீக்கும் மருந்துகளை ஆய்வுக்கூடங்களில் சோதித்தும் வருகின்றனர். இடர் என்னவென்றால், அதே பூட்டுகள் உடலின் மற்றப் பகுதிகளிலும் மூடியிருக்க வேண்டியவற்றை மூடிவைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்துவிட முடியாது. ஆகவே இன்றும் வலி நீக்கிகள், ஹார்மோன் மருந்துகள், அறுவை ஆகியவையே மருத்துவர் கையில் உள்ளன.